மாலை ஒண்ணு, கோடிப் புடவை ஒண்ணு

டீ குடுத்தா ஒடனே கை நீட்ட மாட்டாரு. டம்ளரையே பாத்துக்கினு, "இது உங்க செலவுங்களா, பங்குச் செலவுங்களா?"ன்னு கேப்பாரு. என் செலவுன்னு சொன்னா வாங்கிக் குடிப்பாரு. சும்மா வம்புக்கு, "பங்குச் செலவுதான்"னு சொன்னா, ரெக்சின் பையிலேந்து நோட்டை எடுத்து, "டீ ஒண்ணு, தையக்கடையில"ன்னு எழுதிட்டு அப்புறம் குடிப்பாரு. ரெண்டு தடவையும் ஒரே மூஞ்சிதான். சிரிப்பும் கெடையாது, கோவமும் கெடையாது.

பேரு வேணாம். அவரு சம்சாரம் இன்னும் இருக்காங்க, பாவம். கள்ளக்குறிச்சியில நாங்க அவரைப் பங்குக்காரர்னுதான் சொல்லுவோம். ஒல்லியா, நெட்டையா, கொளுத்தற வெயில்லயும் மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்ட முழுக்கைச் சட்டை. பக்கத்துல வந்தா கடுக்காய் வாசனை அடிக்கும். நடந்து வர்ற சத்தமே கேக்காது. மெஷின்ல குனிஞ்சு தச்சுக்கினு இருப்பேன், நிமிந்தா எதிர்ல நிப்பாரு. எத்தனை வாட்டி ஊசியை வெரல்ல ஏத்திக்கினேன் தெரியுமா? "வந்தா ஒரு கொரல் குடுக்கக் கூடாதுங்களா, எமன் மாதிரி வந்து நிக்கிறீங்களே!"ன்னு ஒரு நாள் கத்தியே வுட்டேன். தமாசுக்குத்தான் சொன்னேன், சத்தியமா.

அவரு தொழில் இதுதான். என்ன மாதிரி கையில கொஞ்சம் பணம் வெச்சிருக்கறவங்க பன்னெண்டு பேருகிட்ட வாங்கி ஒண்ணா சேத்து, கல்வராயன் மலையில கடுக்காய், புளி, தேன் எல்லாம் சீசன்ல கம்மி விலைக்கு எடுப்பாரு. குடோன்ல போட்டு வெச்சு, விலை ஏறினதும் ஆத்தூர், சேலம் வியாபாரிங்களுக்கு வித்துக் குடுப்பாரு. நாங்க குடுத்த பணத்துல நூத்துக்கு ரெண்டு ரூபா வருசக் கூலி. லாபம் வந்தா அஞ்சுல ஒரு பங்கு அவருக்கு. செலவெல்லாம் எங்க தலையில. அவரும் ஒரு பங்கு போட்டிருந்தாரு, இருக்கறதிலயே சின்னது. அது மேல மட்டும் கூலியும் விழாது, செலவும் விழாது. எல்லாம் பத்திரத்துல எழுதியிருந்துச்சு. கையெழுத்து போடறப்ப எவ படிச்சா? என் வூட்டுக்காரரு தவறினப்ப அவரு வேலை பாத்த எடத்துல இருபதாயிரம் குடுத்தாங்க. பொண்ணு கல்யாணத்துக்குன்னு வெச்சிருந்த காசு. அதைத்தான் கொண்டுபோயி இவர்கிட்ட குடுத்தேன்.

பொங்கல் முடிஞ்ச மொத ஞாயித்துக்கெழமை, காலையில பத்து மணிக்கு ரைஸ்மில் களத்துல கூடுவோம். மில்லு மொதலாளிக்கும் இதுல ஒரு பங்கு, அதனால எடம் சும்மா. இவரு நின்னுக்கினு செலவைப் படிப்பாரு. சாக்கு இவ்ளோ, லாரி இவ்ளோ, சணல் ஊசி இவ்ளோ. "ஆபீசு வாடகை மாசம் இருநூறு, என் சம்சாரத்துக்கு"ன்னு ஒரு வருசம் படிச்சாரு. எல்லாரும் நிமிந்து பாத்தோம்.

"உங்க வூட்டு முன்ரூமுக்கு நாங்க வாடகை குடுக்கறோமா?"ன்னு மொதலாளி கேட்டாரு.

"வூடு அவ பேருல இருக்குதுங்க. அவளுக்கு அண்ணன் தம்பி, தாய் மாமன், ஒரு நாதி கெடையாது. அதான் அவ பேருல எழுதி வெச்சேன். ஆபீசு வேணும்தானுங்களே?"

"அதுக்குன்னு..."

"எழுதாம எடுத்தா திருட்டுங்க. எழுதி எடுத்தா செலவு."

இதுதான் அவரு வேதவாக்கு. ஒளிச்சு வெச்சாத்தானே கண்டுபுடிக்க முடியும்? இந்த மனுசன் எல்லாத்தையும் நம்ம மூஞ்சிக்கு நேராப் படிச்சுட்டு, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு ஒக்காந்துடுவாரு.

ஒரு வருசம் விடாம மழை. குடோன்ல தண்ணி பூந்து கடுக்காய் பாதிக்கு மேல பூசணம் புடிச்சுப் போச்சு. அந்த தையிலயும் கூலியை முழுப் பணத்துக்கும் எடுத்துக்கினாரு. மொதலாளிக்கு மூக்கு மேல கோவம் வந்துச்சு. "பாதிப் பணமே போயிடுச்சு. போன பணத்துக்கும் கூலியா? இன்னா நியாயம் இது?"

அவரு ரொம்ப நிதானமா சொன்னாரு: "பாத்துக்கறேன்னு ஒத்துக்கினது முழுசத்தானுங்களே. போனதையும் நான்தான் பாத்துக்கினு இருக்கேன்."

அதைச் சொல்றப்ப எங்க யாரையும் பாக்கல. களத்துக்கு அந்தாண்ட, ஒண்ணுமில்லாத எடத்தைப் பாத்துக்கினு சொன்னாரு. பக்கத்துல நர்சக்கா என் கையை அழுத்திக்கினாங்க. பன்னெண்டு பேருல பொம்பளைங்க நாங்க ரெண்டு பேருதான். அவங்க ஆஸ்பத்திரியில நர்சு, கல்யாணம் கட்டிக்கல, ஒண்டிக்கட்டை. டியூட்டி முடிஞ்சா நேரா என் கடைக்குத்தான் வருவாங்க. பொறந்த அக்கா தங்கச்சிகூட அப்பிடி இருந்திருக்க மாட்டோம்.

கோவத்துல மொதலாளி ஒண்ணு சொன்னாரு பாருங்க, அங்கதான் வந்துச்சு வெனை. "செலவு பண்ணிட்டு வந்து எங்ககிட்டப் படிக்காதீங்க. இனிமே வரப்போற செலவை முன்னாடியே சொல்லுங்க. பிரிச்சுக் கட்டிடறோம். அதுக்கு மேல ஒரு பைசா எடுக்கக் கூடாது." நாங்களும் ஆமாம் ஆமாம்னு தலையை ஆட்டினோம். பெரிய புத்திசாலிங்கன்னு நெனப்பு.

"முன்னாடியேங்களா?"ன்னு கேட்டாரு அவரு. நோட்டை மூடிப் பையில வெச்சாரு. "செரிங்க. போயி பாத்துக்கினு வரேன்."

அடுத்த தைக்கு முன்னாடி, மூணு நாள் மலைக்குப் போனாரு. எதுக்குன்னு எங்க சரக்கு ஏத்தற லாரி டிரைவர் வந்து சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது. வெள்ளிமலைக்குப் போற வழியில ஒரு வளைவு இருக்குது, அங்க ஒரு பலா மரம். அதுக்கடியில ஒக்காந்தா கீழ நம்ம ஊருப்பக்கமெல்லாம் தெரியும். காலையிலேந்து பொழுது சாயற வரைக்கும் அங்க ஒக்காந்துக்கினு, கீழயே பாத்துக்கினு, வெரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கினு இருந்தாராம். "ஆரன் அடிச்சேன், திரும்பலக்கா"ன்னான் டிரைவர். அந்த மூணு நாள் சாப்பாட்டுச் செலவையும் எழுதியிருந்தாரு, அது வேற.

களத்துல லிஸ்ட் படிச்சாரு. சாக்கு எத்தினி, கூலி எத்தினி. "லாரி டயர் ரெண்டு, சித்திரையில." "மழையில நனையறது புளி நாலு மூட்டை." அப்புறம், "மாலை ஒண்ணு, கோடி வேட்டி ஒண்ணு."

மாலையும் கோடியும் எங்களுக்குத் தெரிஞ்சதுதான். பங்குல யாராவது செத்துட்டா, பங்குச் செலவுல ஒரு மாலையும் ஒரு கோடித் துணியும் போடணும்னு மொதல்லயே பேசி வெச்சிருந்தோம். ஆனா அதை முன்கூட்டியேவா எழுதுவாங்க?

மொதலாளி வயிறு குலுங்கச் சிரிச்சாரு. "யாருக்குங்க மாலை? சொன்னீங்கன்னா அளவு குடுத்துடுவாரு இல்ல?"

"செலவு தெரியுதுங்க. ஆள் தெரியல."

சித்திரையில டயர் ரெண்டு வெடிச்சுது. நனைஞ்ச புளி, எண்ணி நாலு மூட்டை. பொரட்டாசியில ஒரு நாள் மத்தியானம், அதே மில்லு ஆபீசுல, சேர்ல ஒக்காந்தபடியே மொதலாளி போயிட்டாரு. பங்குக்காரரு மாலையும் வேட்டியும் எடுத்துக்கினு மொத ஆளா வந்து நின்னாரு. மொதலாளி சம்சாரத்துக்குப் போடற கோடிப் புடவையை அவங்க அண்ணன் தியாகதுருகத்துலேந்து எடுத்துக்கினு வந்தாரு. அது பொறந்த வூட்டு மொறை, பங்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இவரு ஒரு ஓரமா நின்னுக்கினு நோட்டுல எதையோ டிக் அடிச்சதை என் கண்ணால பாத்தேன்.

அடுத்த வருசம் மாலை ரெண்டு, வேட்டி ரெண்டு. ரெண்டு பேர் போனாங்க. ஒருத்தருக்கு மாரடைப்பு, இன்னொருத்தரு வடக்கனந்தல் பக்கம் பைக்குல போயி புளியமரத்துல மோதினாரு. போன மூணு பேரு பங்குலயும் அவங்க அவங்க புள்ளைங்க வந்து ஒக்காந்தாங்க. அதுக்கும் அடுத்த வருசம் லிஸ்ட்ல மாலையே இல்ல. அன்னிக்கு எங்க ஆளுங்க பண்ண கூத்து இருக்குதே! பிரியாணி வாங்கி களத்துலயே தின்னாங்க. லாபம் எவ்ளோன்னு அன்னிக்கு ஒருத்தரும் கேக்கல. அந்த வருசம் லாபத்துல பாதிக்கு மேல அவரு கூலிக்கும் செலவுக்குமே போயிருந்துச்சு. மாலை இல்லாத சந்தோசத்துல, போனா போவுதுன்னு வுட்டுட்டோம்.

அப்புறம் வந்துச்சு அந்த தை. கூடறதுக்கு முன்னாடியே எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டு பட்டையா விபூதி பூசிக்கினு வந்து ஒக்காந்திருந்தாங்க. அவரு படிச்சாரு. "சாக்கு. சணல். லாரி தனி நடை ஒண்ணு, வெள்ளிமலையிலேந்து, லோடு இல்லாம, அய்ப்பசியில."

"லோடு இல்லாம எதுக்குங்க லாரி?"ன்னு ஒருத்தரு கேட்டாரு.

"செலவு தெரியுதுங்க"ன்னாரு. பக்கத்தைத் திருப்பினாரு. "மாலை ஒண்ணு, கோடிப் புடவை ஒண்ணு."

ஆம்பளைங்க பத்து பேரும் ஒண்ணா எங்க ரெண்டு பேர் பக்கம் திரும்பினாங்க. அத்தினி பேர் மூஞ்சியிலயும் ஒரு நிம்மதி. படுபாவிங்க, ஒருத்தனாவது மறைச்சிக்கினானா? நர்சக்கா மட்டும், "பொடவை நல்ல கலரா பாத்து எடுங்க சார்"னு சொல்லிச் சிரிச்சாங்க. வைகாசியில பொண்ணு கல்யாணம். அப்பன் இல்லாத பொண்ணு. நானும் போயிட்டா அதுக்கு யாரு?

ஒரு மாசம் தூக்கமில்ல. மாசி பொறந்ததும் ஒரு காலையில கடையைச் சாத்திட்டு அவரு ஆபீசுக்குப் போனேன். "அந்த வரியை அடிச்சுடுங்க"ன்னு கேட்டேன். கெஞ்சினேன்னே வெச்சுக்குங்க.

"நான் அடிச்சா செலவு நின்னுடுங்களா?"ன்னு கேட்டாரு. கேலி இல்ல, நெசமாவே கேட்டாரு. அப்புறம் எழுந்து பீரோவைத் திறந்து காயிதத்துல சுத்தின ஒரு பொட்டலத்தை எடுத்தாரு. உள்ள பழுப்பு நூல் புடவை, மெரூன் பார்டர். "பொங்கல் முடிஞ்சதும் வாங்கினா கம்மிங்க. நூத்தி அறுவத்தெட்டு. நீங்க துணி தெரிஞ்சவங்க. சாயம் போவுமா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

தொட்டுப் பாத்தேன். இன்னா புத்தியோ, தொட்டேன். இருவது வருசத் தொழில், கை தானா ஓரத்தைக் கசக்கிப் பாத்துச்சு. "போவாது"ன்னு சொன்னேன். சொல்லிட்டு அங்கயே அழுதுட்டேன்.

அழுது முடிச்சிட்டு, "என் பணத்தைக் குடுத்துடுங்க. நான் பங்குலேந்து வெளிய போறேன்"ன்னேன்.

அவரு ஒண்ணும் தடுக்கல. நோட்டைப் பாத்து ஒரு துண்டுச் சீட்டுல எழுதினாரு. பாதியில போறதுக்குப் பத்துல ஒரு பங்கு புடிப்பு. லாரி, சாக்கு, குடோன் வாடகை. கடைசியா, புடவைக்குப் பதினாலு ரூபா.

"நான்தான் போறேனே. அது எதுக்கு எனக்கு?"

"லிஸ்ட் படிச்சப்ப இருந்தீங்களே."

குடுத்தேன். அந்தப் புடவைக்கும் பங்கு குடுத்தேன். மீதிப் பணத்தை எண்ணி முந்தானையில முடிஞ்சுக்கினு செருப்பைப் போடறேன், பின்னாடியிலேந்து அவரு கொரல். யார்கிட்டயும் சொல்ற மாதிரி இல்ல, எழுதிக்கினே படிக்கிற மாதிரி. "பொம்பளைங்கள்ல பாக்கி, நர்சம்மா ஒருத்தங்க."

நின்னேன். திரும்பிப் போயி, வேணாம், என் பேரு இருக்கட்டும்னு சொல்லியிருக்கலாம். இல்ல, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி, நீயும் எடுத்துடுக்கான்னாவது சொல்லியிருக்கலாம். சொன்னா ரெண்டு பேரும் வெளிய வந்துடுவோம், அப்ப அது எங்க போவும்? எனக்கே திரும்பி வந்துட்டா? அப்பிடித்தான் என் புத்தி போச்சு. செருப்பை மாட்டிக்கினு வூட்டுக்கு வந்துட்டேன்.

அன்னிக்கு சாயந்திரமும் அக்கா கடைக்கு வந்தாங்க. நான் வாயைத் தொறக்கல. அதுலேந்து அவங்க இருமினா எனக்கு மூச்சு நின்னுடும். தலைவலின்னா கைகால் ஓடாது. ரெண்டு பிளவுஸ் காசு வாங்காம தச்சுக் குடுத்தேன். "இன்னாடி, திடீர்னு இவ்ளோ அக்கறை?"ன்னு கேட்டாங்க. "கல்யாண வூட்டுக்காரி, கொஞ்சம் தாராளமா இருக்கக் கூடாதா?"ன்னு மழுப்பினேன். கல்யாணத்துல அவங்கதான் முன்னாடி நின்னு பந்தி விசாரிச்சாங்க. என் பொண்ணு அவங்க கால்ல விழுந்து கும்புட்டப்ப, அவங்க தலையில கை வெச்சு, "நூறு வயசு இரு"ன்னாங்க. நான் சமையக்கட்டுக்குள்ள ஓடிட்டேன்.

அய்ப்பசி மழையில ஒரு நாள் பதினோரு மணிக்கு லாரி டிரைவர் கடைக்கு ஓடி வந்தான். பங்குக்காரரு அந்தப் பலா மரத்தடியில ஒக்காந்திருந்தாராம். ஆரன் அடிச்சிருக்கான், திரும்பல. எப்பவும் அப்பிடித்தானேன்னு மேல போயிட்டான். எறங்கி வர்றப்பவும் அதே மாதிரி ஒக்காந்திருக்காரு, மழையில நனைஞ்சுக்கினு, ஊரைப் பாத்துக்கினு, மடியில பை. தோளைத் தொட்டிருக்கான், அப்பிடியே சாஞ்சுட்டாரு. ஏத்திக்கினு வந்தான். வேற லோடு இல்ல.

அவரு வூட்டு வாசல்ல கூட்டம். சம்சாரம் சொவத்துல சாஞ்சு ஒக்காந்திருந்தாங்க. எடுக்கறதுக்கு முன்னாடி, பொறந்த வூட்டுக் கோடி போடறவங்க வரலாம்னு கூப்புட்டாங்க. யாரு வருவா? நாதி கெடையாதுன்னு அவரே களத்துல சொன்னாரே. அப்ப நர்சக்கா, லிஸ்ட்ல எழுதின புடவை இருக்குமேன்னு, உள்ள போயி பீரோவைத் தொறந்து காயிதப் பொட்டலத்தை எடுத்துக்கினு வந்தாங்க. பழுப்புப் புடவை, மெரூன் பார்டர். அந்தம்மா தோள்ல போத்தி வுட்டு, அவங்களைக் கட்டிக்கினாங்க. வேட்டி அவர்கிட்டயே புதுசு ஒண்ணு இருந்துச்சு. பங்குலேந்து வந்தது மாலை ஒண்ணு, புடவை ஒண்ணு. அவரு பங்கு மேல செலவு விழாதில்ல, ரெண்டுக்கும் நாங்கதான் காசு குடுத்திருந்தோம்.

எனக்கு மொதல்ல வந்தது சந்தோசம்தான். பொய் சொல்ல மாட்டேன். அப்பாடா, அக்கா இல்லன்னு. ஒரு மூச்சு வுடறதுக்குள்ள அக்கா என்னைத் திரும்பிப் பாத்தாங்க. நான் பண்ணது அவங்களுக்குத் தெரியும்னு பாத்த பார்வையிலயே புரிஞ்சு போச்சு.

பத்து நாள் கழிச்சு கடைக்கு வந்தாங்க. டீ குடிச்சுட்டு, டம்ளரைக் கீழ வெச்சுட்டு சொன்னாங்க. "நீ வெளிய போனது மாசியிலயே எனக்குத் தெரியும்டி. அன்னிக்கே அவரு ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லிட்டாரு. நீங்களும் போறதுன்னா போங்க, பத்துல ஒண்ணு புடிப்பேன்னாரு."

"பின்ன ஏங்க்கா நீ போவல?"

"ரெண்டு பேரும் போயிட்டா அந்தப் பொடவை யாரைத் தேடிக்கினு வரும்? உனக்குப் பொண்ணு கல்யாணத்துக்கு நின்னுச்சு. எனக்கு யாரு இருக்கா? ஒருத்தி இருந்துட்டுப் போறேன்னு இருந்தேன்."

மெஷின் மேல தலையைக் கவுத்துக்கினேன். அக்கா திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். திட்டல. கேக்கக் கூடாதுன்னு தெரிஞ்சும் கேட்டேன். "அவரு பையில அடுத்த தை லிஸ்ட் இருந்துச்சாமே?"

"இருந்துச்சு. எழுதி முடிச்சுதான் வெச்சிருந்தாரு."

"மாலை இருக்குதா?"

அக்கா எழுந்து பையைத் தோள்ல மாட்டிக்கினாங்க. "நீதான் பங்குல இல்லையே"ன்னாங்க. கோவமா சொல்லல. அதுக்கப்புறமும் வருசக்கணக்கா கடைக்கு வந்தாங்க, டீ குடிச்சாங்க, என் பேரப்புள்ளையைத் தூக்கிக் கொஞ்சினாங்க. அந்த லிஸ்ட்ல இன்னா இருந்துச்சுன்னு மட்டும் கடைசி வரைக்கும் வாயைத் தொறக்கல.

இன்னிக்கும் மெஷின்ல குனிஞ்சிருக்கறப்ப, சில நேரம் கடுக்காய் வாசனை அடிக்கும். நிமிந்து பாக்க மாட்டேன். எழுதாம எடுத்தா திருட்டு, எழுதி எடுத்தா செலவுன்னு அவரு சொல்லுவாரு. அந்த மாசி மாசம் அக்காகிட்டேந்து நான் எடுத்ததை யார்கிட்டயும் சொல்லாம இத்தினி வருசம் வெச்சிருந்தேன். இப்ப எல்லாத்தையும் எழுதிட்டேன், ஒரு வரி மறைக்காம. ஆனா இன்னும் திருட்டாத்தாங்க இருக்குது.